பூச்சியம் புள்ளி பூச்சியம் எட்டு

விக்டோரியா ஏரிக்கரைத் தண்ணீர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டு எழுத்தராக இருந்த அக்கேயோ, தன் ஊருக்காக ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள். அவள் வாழ்க்கைப்பட்ட குன்றிலிருந்து தண்ணீருக்கு ஏழு கிலோமீட்டர் இறங்க வேண்டும். கிணறு துளைக்கும் வண்டியோ ஒன்றே ஒன்று. குன்றுக்கா, கரைக்கா?

"தண்ணி தூரமாக ஆக, பிள்ளைங்க சாவும் கூடுதுன்னு காட்டும்மா. வண்டிய மேல ஏத்திடறேன்," என்றார் அதிகாரி ஒடுண்டோ.

குன்றிலும் கரையிலுமாக அறுபது வீடு ஏறி இறங்கினாள். தூரம் ஒரு பத்தி, இறந்த பிள்ளைகள் ஒரு பத்தி. இரண்டிலும் சராசரியைக் கழித்து, எதிரெதிரே பெருக்கி, கூட்டி, வகுத்தாள். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் ஒட்டுறவுக் கெழு ஒன்றை நெருங்கும் என்றிருந்தாள். வந்தது 0.08. மூன்று முறை போட்டும் அதேதான்.

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லைங்குதே," என்றார் ஒடுண்டோ, வருத்தமாகத்தான்.

பத்தியைப் பார்த்ததும் அக்கேயோவுக்குப் புரிந்தது. கரை வீடுகளில் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து எழுதியிருந்தாள். குன்றில் அட்டை ஏது? வாய்ச்சொல்தான். அங்கே எவளும் பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டாள். செத்ததை எண்ணினால் இருப்பதும் போய்விடும் என்று பயம். ஆண்கள் வாய் திறந்த சில வீடுகள் போக, வரிசையாகப் பூச்சியம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அடோயோவிடம் போனாள். அவள் சிறுமீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாடி ஆபீஸ்காரி! என் கோழியையும் எண்ணப் போறியா?"

"கோழி வேண்டாம்க்கா. போன பிள்ளைங்களைச் சொல்லு. சொன்னாத்தான் கிணறு வரும்."

அடோயோவின் சிரிப்பு நின்றது. "உன் வீட்டுக்கு என்னடி எழுதின?"

அக்கேயோ தாளைப் புரட்டவில்லை. பதினேழாவது வரியில், அவள் கையெழுத்திலேயே, பூச்சியம். வாந்திபேதியில் போனபோது அவள் மகன் ஒபுயாவுக்கு மூன்று வயது. எழுதும்போது பேனா தயங்கக்கூட இல்லை.

"நீ முதல்ல சொல்லு. நானும் சொல்றேன்," என்றாள் அடோயோ.

பெயர் உதடு வரை வந்தது. வீட்டில் அவளுக்கு இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அக்கேயோ தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

0.08 என்றே கையெழுத்துப் போட்டாள். வண்டி கரைக்குப் போயிற்று; கிணற்றில் நல்ல தண்ணீர். அவள் பெண்கள் ஏழு கிலோமீட்டர் நடந்தே வளர்ந்தார்கள்.