கல்ஃபுக்காரனுக்கு விட்ட இடம்

இட்டூப்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுதான் வரும். நாற்பத்தைந்து வருடம் அவனோடு ஒரே ஸ்டுடியோவில் குப்பை கொட்டியிருக்கிறேன். சுற்றிலும் ஆறும் காயலுமான குட்டநாட்டில் பிறந்து தண்ணீருக்குப் பயப்படும் ஒரே ஆண்பிள்ளை அவன். தோணியில் கால் வைக்க மாட்டான். அதனால் வெளிவேலை எல்லாம் என் தலையில். படகுப் போட்டி, அறுவடை, வாத்துக் கூட்டம், பாலம் திறப்பு, கல்யாணம், சாவு என்று துடுப்புப் போட்டுக்கொண்டு அலைந்து எடுத்து வருவது நான். இருட்டறையில் உட்கார்ந்து கழுவி, பிரிண்ட் போட்டு, பிளேடும் பிரஷ்ஷும் வைத்து ஒருத்தன் வழுக்கையை மறைத்து இன்னொருத்தி பருவை எடுத்து, பெயர் வாங்கிக்கொண்டு போவது அவன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு போட்டோக்காரன் தாமதமாக வந்தால் திட்டுவார்கள். சாவுக்குத் தாமதமாக வந்தால் அடிப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியை முற்றத்தில் வைத்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் சர்ச்சுக்குக் கிளம்புவார்கள். வீட்டுக்கு ஒருத்தன் கல்ஃபில் இருந்த காலம் அது. லீவு கிடைக்காது, வர மாட்டான். அதற்காகப் படத்தில் இல்லாமல் போக முடியுமா? அவன் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொல்லி எடுப்பேன். பிறகு அவன் அங்கிருந்து ஒரு முழுநீளப் படம் அனுப்புவான். இட்டூப்பு அதைப் பிளேடால் கத்தரித்து, அந்த இடத்தில் ஒட்டி, ஓரத்தில் பிரஷ் ஓட்டி, மறுபடி படம் பிடித்து பிரிண்ட் போட்டுக் கொடுப்பான். அப்பன் சாவுக்கு வராத பிள்ளைகள் எத்தனையோ பேர் எங்கள் கைவண்ணத்தில் அப்பன் தலைமாட்டில் நின்றிருக்கிறார்கள். நெகட்டிவ் பெட்டிகள் ஏழும் இரண்டாயிரத்துப் பதினெட்டு வெள்ளத்தில் போய்விட்டன. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நானே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

போன வருடம் வாசகசாலைக்காரர்கள் எங்கள் இருவரையும் மேடையேற்றினார்கள். நெகட்டிவ் இல்லாததால் வீடு வீடாகப் போய் சுவரில் தொங்கும் படங்களை இரவல் வாங்கி வந்து மாட்டியிருந்தார்கள். மைக்கைக் கொடுத்துப் பழைய கதை சொல்லச் சொன்னார்கள். நான் வாத்துக் கூட்டம் கேமராவைக் கவிழ்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி எழுந்தாள்.

"நான் வடக்கேகளம் குரியாச்சன் மக, பின்ஸி. அங்க ஏழாவதா மாட்டியிருக்கறது எங்க தாத்தா அடக்கத்தன்னிக்கு எடுத்த படம். அதுல எங்க அப்பச்சன் குரியாச்சன் இல்ல. ஆனா நான் வந்தேன், நின்னேன்னு அவர் சொல்றாரு. எடுத்தவங்க நீங்க. நின்னாரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

முன்வரிசையில் அவளுடைய அப்பாவின் தம்பி ஜோயி உட்கார்ந்திருந்தார். படத்தை இரவல் கொடுத்தவர் அவர்தான். "மோளே, இத கேக்க இதுவா எடம்?" என்றார் திரும்பாமல்.

"வேற எடம் எங்க இருக்கு சித்தப்பா? உங்க வீட்டுப் படியேற விட மாட்டேங்கறீங்க. அப்பச்சனுக்கு டாக்டர் நாள் குறிச்சுட்டாரு. அவரோட அம்மச்சி கூட, குடும்பக் கல்லறையில கெடக்கணும்னு கேக்குறாரு. அப்பன் சாவுக்கு வராதவனுக்கு அப்பன் கல்லறையில எடமில்லன்னு சொன்னது நீங்கதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் இட்டூப்பு மைக்கைப் பிடுங்கினான். "நாப்பது வருஷம் ஆச்சு மோளே. ஞாபகம் இல்ல."

நான் மைக்கைத் திரும்பப் பிடுங்குவதற்குள் வாசகசாலைக்காரர்கள் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எண்பத்து மூன்றில் வடக்கேகளம் மாத்தன் செத்தார். மூத்த மகன் குரியாச்சன் வீட்டை விட்டு விரட்டப்பட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்பனுடைய வயலில் அறுக்க வந்தவர்கள் கூலிக்காகக் கொடி பிடித்தபோது இவனும் அவர்களோடு நின்றான். பிறகு அவர்களில் ஒருத்தியையே கட்டிக்கொண்டான். சர்ச்சில் வைத்துத்தான் கட்டினான். ஆனாலும் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு, தாழ்ந்த சாதிக்காரர்களுக்கு என்று விட்ட கடைசிப் பெஞ்சு. இளையவன் ஜோயி குவைத்தில் இருந்தான். அவனுக்காக அம்மச்சி ஏலியின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் விடச் சொன்னேன். மூன்று எண்ணப் போகிறேன், குரியாச்சன் தோணியிலிருந்து இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டான். அம்மாவின் தோளில் கை வைத்தான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பட்டனை அழுத்தினேன். அடுத்த நிமிடமே மாத்தனின் தம்பி அவனைப் படித்துறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சர்ச்சுக்குக்கூட விடவில்லை. மறுபடி ஒரு படம் எடுக்க அம்மச்சி உட்காரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுவாரம் அதே தம்பி ஸ்டுடியோவுக்கு வந்து, "அவனை எடுத்துட்டு ஜோயிய ஒட்டு" என்றார். மாட்டேன் என்று நான் குதித்தேன். இட்டூப்பு சரி என்றான். ஒன்பது நாள் நான் அவனோடு பேசவில்லை. அந்தப் பிரிண்ட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் படத்தின் பின்னால் இருக்கும் முத்திரையில் என் பெயரும் உண்டு, அதை நான் மறுக்க முடியாது. அன்று நின்றவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில். மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லாமல் இருப்பதுதான் வசதி. அந்த வீட்டில் மூத்தவன் பெயரை எடுக்கவே கொழுந்தன் விட்டதில்லை, அதனால் அம்மச்சியும் ஜோயியிடம் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் இட்டூப்பு எதிர்க்கடைக்குப் போய் பருப்புவடை தின்றுகொண்டிருந்தான்.

"பொய் சொல்ற வாய்க்கு வடை ஒரு கேடா?" என்றேன். "நின்னான்டா. நான் எடுத்தேன். இப்பவே போய்ச் சொல்லிடப் போறேன்."

"சொல்லு. உன்ன யாரு நம்புவா? நீயும் அன்னிக்குக் கொடி பிடிச்ச ஆளு. தன் ஆளுக்குச் சாட்சி சொல்ல வந்துட்டான்னுவாங்க. நெகட்டிவ் எங்கன்னு கேப்பாங்க. ஆத்துலயா தேடுவ?"

"அதுக்காக ஞாபகம் இல்லன்னு சொல்லுவியா? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா?"

அவன் வடையைக் கீழே வைத்தான். "வெக்கமா இருந்துச்சு கருணா. ஒட்டினது நான்தான. அதுவும் போக, நூறு பேரு முன்னால சொன்னா ஜோயிக்கு வீம்பு ஏறிடும். தனியாத்தான் காட்டணும்."

"என்னத்தக் காட்டுவ?"

"படத்துல ஜோயிக்கு எத்தன கைன்னு தெரியுமா உனக்கு? தெரியாது. கோவிச்சுக்கிட்டுப் போனவனுக்கு எப்படித் தெரியும்." சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே எழுந்தான். பரு தேடுவதற்கு இருட்டறையில் வைத்திருந்த அதே லென்ஸ்.

நாங்கள் திரும்பிப் போனபோது ஜோயி தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. பின்ஸி ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இட்டூப்பு படத்தை வாங்கி மேசையில் கிடத்தினான்.

"ஜோயிச்சா, இத எவ்வளவு நாளா பாக்குற?"

"தெனமும் பாக்குறேன். டிவிக்கு மேலதான் தொங்குது."

"இதுல உனக்கு எத்தன கைன்னு எண்ணு."

"சேட்டனுக்கு வயசாயிடுச்சு. வீட்டுக்குப் போங்க."

"எண்ணுடா."

நானும் குனிந்தேன். குவைத்திலிருந்து வந்த படத்தில் ஜோயி கறுப்புக் கோட்டுப் போட்டு, பெரிய மனுஷன் தோரணையில் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு. மூன்றாவது கை கோட்டுக்குப் பின்னாலிருந்து வந்து அம்மச்சியின் தோளில் இருந்தது. அம்மச்சி அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நாற்பது வருடமாக ஊரே பார்த்த படம். குடும்பப் படத்தில் யார் அடுத்தவன் கையைப் பார்க்கிறார்கள், எல்லாரும் தன் முகத்தைத்தான் தேடுவார்கள். இட்டூப்பு லென்ஸை அந்தக் கையின் மேல் வைத்தான். அம்மச்சியின் விரல்களுக்கு நடுவே தெரிந்த அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

ஜோயி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டும் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒம்பது வயசு," என்றார் யாரிடம் என்றில்லாமல். "வயல்ல தண்ணி எறைக்கிற பம்பு பெல்ட்டுல என் வேட்டி சிக்கிடுச்சு. அண்ணன்தான் இழுத்தான். அப்பப் போன விரல்."

பின்ஸி எழுந்து வந்து பார்த்தாள். அப்பாவின் விரல் அவளுக்குத் தெரியாதா.

"ஆள எடுத்துட்டு இத ஏன் சேட்டா விட்டீங்க?" என்றார் ஜோயி.

"கைய எடுக்கணும்னா அம்மச்சி விரல வெட்டணும். பிளேட வச்சேன். முடியல. கோட்ட மணிக்கட்டு வரைக்கும் ஒட்டி நிறுத்திட்டேன்," என்றான் இட்டூப்பு. "நீ ஊருக்கு வந்தப்பவே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. ஒட்டச் சொன்ன உங்க சித்தப்பா மேல பழியப் போடல."

எனக்கு அப்போது அவன் மேல் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கேட்காதது நானும்தான்.

ஜோயி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்ஸி வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்ததைப் பின்ஸி பிறகு சொன்னாள். கட்டிலில் படத்தை வைத்ததும் குரியாச்சன் ரொம்ப நேரம் பார்த்தாராம். அதற்கு முன் ஒட்டிய படத்தை அவர் பார்த்ததே இல்லை. "கோட்டு உனக்கு எடுப்பாத்தான் இருக்குடா," என்றாராம்.

பதினாறு நாள் கழித்துக் குரியாச்சன் போனார். பெட்டியை வடக்கேகளம் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார் ஜோயி. படம் எடுக்க எங்கள் இருவரையுமே கூப்பிட்டிருந்தார். அந்த வீட்டுக்கு இன்றும் சாலை கிடையாது, தோணிதான். இட்டூப்பு வர மாட்டான் என்று நான் தனியாகக் கிளம்பினேன். பார்த்தால் படித்துறையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான். தோணியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஆட்டாதடா, ஆட்டாதடா" என்று வழி முழுக்க என் உயிரை வாங்கினான். எழுபத்தாறு வயதில் அவனுடைய முதல் தோணிப் பயணம் அது.

முற்றத்தில் பின்ஸியும் அவள் அம்மாவும் தலைமாட்டில் நின்றார்கள். அறுக்க வந்தவள் என்று இத்தனை வருடம் அந்த வாசலை மிதிக்க விடாமல் வைத்திருந்தது அந்த அம்மாவைத்தான். ஜோயி எல்லாரையும் இழுத்து இழுத்து வரிசையாக நிறுத்தினார். பிறகு தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுவிட்டு இட்டூப்பைப் பார்த்தார்.

"எம் மகன் கனடாவுல சேட்டா. லீவு கெடைக்கல. எடம் விட்டாச்சு, போதுமா?"

"வேண்டாம்," என்றான் இட்டூப்பு. "வந்தவங்க மட்டும் நிக்கட்டும்."

ஜோயி நகர்ந்து, அண்ணன் மனைவியின் பக்கத்தில் ஒட்டி நின்றார். நான் மூன்று எண்ணினேன்.