வயர் கூடை பின்னிய மார்கழிகள்

போன வாரம் மங்கலம்பேட்டையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கறுப்பு புர்கா. மடியில் ஒரு வயர் கூடை. கூடைக்குள் முருங்கைக்கீரைக் கட்டும் மருந்துக்கடைப் பொட்டலமும். விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. டிரைவர் லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டினார். வெளியே பார்க்க ஒன்றுமில்லாததால் நான் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சையும் மஞ்சளும். கைப்பிடி ஒன்று நீளம், மற்றொன்று குட்டை.

என் வீட்டுக்காரர் பின்னிய கூடை எதிலும் இரண்டு கைப்பிடியும் ஒரே அளவில் இருந்ததில்லை.

"இந்தக் கூடைய எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கலங்க. ஆஸ்பத்திரியில ஒரு பெரியவரு குடுத்தாரு. மருந்து பாட்டிலுங்கள கையில வச்சிக்கிட்டு நின்னேன். இந்தாம்மா, இதுல போட்டுக்கன்னு குடுத்துட்டாரு. ரொம்ப இருமிக்கிட்டு இருந்தாரு பாவம். இப்ப எப்படி இருக்காரோ."

"நல்லா பின்னியிருக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்தான். அந்தம்மா பாலக்கரையில் இறங்கிப் போய்விட்டார். வயர் வாசனை மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் ஒரு வாசனை வருமே, வயர் வாசனை அப்படித்தான் இருக்கும். வெயில் பட்டால் இன்னும் கூடும். சிலருக்கு அது தலைவலி. எனக்கு அது மார்கழி மாதம், எங்கள் வீட்டு வாசல், பிளாஸ்டிக் நாற்காலி, அதில் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் பீங்கான் கம்பெனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஊரில் எங்கள் வயதுக்காரர்கள் பலருடைய கதையும் அங்கிருந்துதான் தொடங்கும். நான் பேக்கிங்கில் இருந்தேன். ஃபியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அவர் மில் ஹவுஸில். வெள்ளைக்கல்லை மெஷினில் போட்டு உடைத்து, பிறகு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் கொட்டி மாவாகும்வரை சுற்றவிடுவார்கள். அந்த மாவு இல்லாமல் பீங்கான் இல்லை. அந்த ஷெட்டுக்குள் நின்றால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது புருவம், இமை, காதோரம் எல்லாம் வெள்ளை. எங்கள் தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பவுடர் மாமா. அவரும் சிரித்துக்கொள்வார். நானும் சிரித்தேன். யாருக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்த இடம் சூளைப்பக்கம். டீ நேரத்தில் பெண்கள் எல்லோரும் போய்ச் சூளைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்போம். அந்தச் சூடு முதுகெலும்பு வழியாக ஏறும் பாருங்கள், அதற்கு ஈடாக இன்றுவரை எந்தக் கம்பளியும் எனக்குக் கிடைக்கவில்லை. சூளை ஓரத்தில் சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக வைத்திருப்பார்கள். நான் சோம்பேறி, என் டப்பாவைப் பையிலேயே விட்டுவிடுவேன். ஆனால் மத்தியானம் திறந்தால் சோறு சூடாக இருக்கும். யாரோ எடுத்துப் போய் வைத்துவிட்டு, திரும்பவும் பையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பைமேல் வெள்ளை விரல் தடம் இருக்கும். அது யாருடைய விரல் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் டப்பாவைச் சூளையில் வைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்கு, "அதான் சேந்தே குடித்தனம் பண்றமே, இன்னும் என்னா" என்றார்.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பே இருமல் வந்துவிட்டது. முதலில் டிபி என்றார்கள். அதற்கான மாத்திரைகளை விழுங்கி முடித்தார், மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இது கல்லு தூசிம்மா. நுரையீரல் இறுகிப்போச்சு. போனது போனதுதான். குளிர் காத்து, புகை, தூசி எதுவும் படாம பாத்துக்குங்க. கையைக் காலை ஆட்டாம மனசுக்கு ஏதாவது வேலை குடுங்க."

மனசுக்கு வேலை. வாழ்நாளெல்லாம் கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்த மனிதருக்கு அது புது மாதிரியான மருந்தாக இருந்தது. முதலில் பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுப் பார்த்தார். கட்டத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் கட்டம்தான் தப்பு என்று புதுக் கட்டம் கோடு போட்டுக்கொள்வார். பிறகு ரேடியோ. ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டால் தனக்கு இரைக்கிறது என்று அதையும் நிறுத்தினார்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வயர் கூடை பின்னுவதைப் பார்த்தார். சத்துணவுக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருநாள் காலையில் இவர் போய் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் கத்துக் குடுங்களேன்" என்றார்.

"ஆம்பள பின்ற வேலையாங்க இது? வூட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா."

சிரித்தேன். முருங்கைக்காய் மாதிரி விரல்கள் அவருக்கு. முதல் கூடை தரையில் நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தது. அதில் வெங்காயம் போட்டு ஆணியில் மாட்டினோம். இரண்டாவது நின்றது. மூன்றாவதைத் தெருவில் போன கீரைக்காரியிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பின்னுவதும் கொடுப்பதுமாகவே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒன்று கொண்டுபோவார், வரும்போது வெறுங்கையாக வருவார்.

குளிர்காலம்தான் அவருக்குக் கஷ்டம். ஐப்பசியில் ஆரம்பித்துத் தை கடைசி வரைக்கும் படுத்துத் தூங்க முடியாது. தலையணையை அடுக்கிச் சாய்ந்தே கிடப்பார். பொழுது விடிந்தால் வாசலில் வெயிலுக்காகக் காத்திருப்பார். மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து வரும் பனி கலைந்து, எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் எங்கள் வாசலுக்கு வர நேரமாகும். வந்ததும் நாற்காலியை அதில் இழுத்துப் போட்டுக்கொண்டு வயரை எடுப்பார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அன்றாடம் ஒன்று சொல்வார்.

"டீ சூடா இருக்குது. வெயிலு வந்துடுச்சி. கையில வேல இருக்குது. இதுக்கு மேல என்னா வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூச்சு வேணும்" என்பேன். "ஒங்க மூச்ச அந்தக் கம்பெனிக்காரன் கல்லோட கல்லா அரைச்சிட்டான். நீங்க டீ சூடா இருக்குதுன்னு ஒக்காந்திருக்கீங்க."

"அவரு சோறு போட்டாருல்ல."

"நீங்க ஒழைச்சீங்க, சோறு வந்துச்சி."

"காரு அனுப்பனாரே, அத மறந்துட்டியா?"

எங்கள் மகள் பிறக்கும்போது குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. விடாத மழை. பஸ் ஓடவில்லை. இவர் முதலாளி வீட்டுக்கு ஓடிப்போய் நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் எழுந்து கையைக் கழுவி, தன் காரையும் டிரைவரையும் அனுப்பினார். கடலூர் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போனேன். சீட்டெல்லாம் ரத்தம். ஒருநாளும் அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் என் மகளும் இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்தக் காரால்தான். இதையும் நான் மறக்கவில்லை. தினமும் பக்கத்தில் கேட்கும் அந்த இருமலையும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டையும் எந்த இடத்தில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருந்தது.

இவருடைய கடைசி மார்கழியில் முதலாளி இறந்துபோனார். ஸ்டெல்லா அக்காதான் வந்து சொன்னார். இவர் வயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சட்டைய எடு. போயிட்டு வந்துடறேன்."

"எங்க போறீங்க? அங்க வெடி வெடிப்பாங்க. ஊதுவத்தி, சாம்பிராணி, கூட்டம், தூசி. டாக்டரு என்னா சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதா?"

"ஒரு மால போட்டுட்டு வந்துடறேன்."

"அந்தாளு சாவுக்கு நீங்க போவக் கூடாது. நீங்க போனா நான் எம் பொண்ணு வூட்டுக்குப் போயிடுவேன்."

அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்க நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "போவலன்னா எனக்கு மனசு ஆறாது. நீ கோவமா இரு. அது ஒன் பக்கம் ஞாயம். என்ன வுட்டுடு."

கோவையில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். அவளும் கெஞ்சிப் பார்த்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். பிறகு என்ன செய்வது. ஆட்டோ கூப்பிட்டேன். துண்டை நனைத்துப் பிழிந்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்பக்கம் முடிச்சுப் போட்டேன். மில் ஹவுஸுக்குப் போகும்போது அவரே கட்டிக்கொள்வார். அன்றைக்குக் கையைத் தூக்க அவருக்கு மூச்சுப் போதவில்லை.

பெரிய பந்தல். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலாளி. பழைய ஆட்கள் யாரையும் காணோம். இவர் மாலையை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளியின் மகன் பக்கத்தில் வந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா யாருன்னு தெரியலீங்களே?"

துண்டைக் கீழே இறக்கி, "மில் ஹவுஸ் ஆறுமுகம்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்தப் பையன் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். மில் ஹவுஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே சரம் வெடிக்க ஆரம்பித்தார்கள். பந்தலுக்குள் புகை வந்தது. நான் அவரை இழுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினேன்.

வரும் வழியில், "போயிட்டு வந்தது நல்லதாப் போச்சி" என்றார்.

மறுநாள் வெயில் வந்தும் அவர் வாசலுக்கு வரவில்லை. காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய் வைத்தார்கள். மகள் வந்து ஒரு பக்கம் உட்கார்ந்தாள், நான் ஒரு பக்கம். நர்ஸம்மா நல்ல மனுஷி, ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிக்கொடுத்தார். வெயில் கட்டிலில் விழுந்தது. வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் மகள் டீ வாங்கப் போயிருந்தாள். அவர் என் கையைத் தட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"அந்தக் கல்லொடைக்கிற மெஷினு மேல... ஒரு தண்ணிக் கொழா போட்டிருந்தா... தூசி பறக்காது. கேட்டோம். பாக்கலாம்னாங்க." மூச்சுக்கு நின்றார். "போட்டிருக்கலாம்ல?"

எத்தனையோ வருஷமாக இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்கத்தான் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. நான் அவர் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டேன். இந்த மனிதர் இதை உள்ளேயே வைத்துக்கொண்டா அத்தனை காலை வேளைகளிலும் டீ சூடாக இருக்கிறது என்று சொன்னார்? மகள் டீ கொண்டுவந்தாள். ஸ்பூனில் எடுத்து ஊட்டினேன்.

"சூடா இருக்குதாங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

தலையை மட்டும் ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. பொங்கலன்று மத்தியானம் போய்விட்டார்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. சூளையை இடித்துவிட்டார்கள். மில் ஹவுஸ் நின்ற இடத்தில் உரமூட்டை அடுக்கும் குடோன் வந்திருக்கிறது. பீப்பாயைக் கேஸ் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இவரோடு அதே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் குளிர்காலத்தில். கடைசியாக இருந்த கோவிந்தன் அண்ணன் போன கார்த்திகையில் போனார். இனி அந்த ஷெட்டுக்குள் நின்றவர் என்று சொல்ல ஊரில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. அவர்களுடைய பெண்சாதிகள் நாங்கள் இருக்கிறோம். ரேஷன் கடை வரிசையில் பார்த்துக்கொள்வோம். நேற்று கோவிந்தன் அண்ணன் சம்சாரம் எனக்கு முன்னால் நின்றார்.

"இந்த வருசம் பனி அதிகமில்ல?" என்றார்.

"அதிகந்தான்" என்றேன்.

"ராத்திரி நல்லாத் தூங்குறேன். இருமற சத்தம் இல்லாம வூடு நிசப்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார்.