கடத்திப் புரதமும் பின்வாசற் குரலும்

என் தங்கையின் கணவர், இறந்த பின்னரும் பிற்பகல்தோறும் லோரியை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியே வந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார். கிள்ளான் நகரிலுள்ள அவ்வீட்டில் அக்குரல் அவள் ஒருத்திக்கே கேட்டது. மனச்சிதைவு என்றார் மருத்துவர். அவர் தந்த மாத்திரைகளை அவள் தொடவில்லை. கணவர் உண்டபின் உண்ணும் வழக்கத்தையும் விடவில்லை. அவரோ பேசினாரேயன்றி உண்ணவில்லை. அவள் உடல் நாளுக்கு நாள் கரைந்தது.

ஒரு ஞாயிறு பிற்பகல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமியூட்டர் ரயிலில் சென்றிருந்தேன். அவள் மகள், என் மருமகள், நரம்பணுக்களை ஆராய்பவள், சுபாங் ஜெயாவிலிருந்து முன்னரே வந்திருந்தாள்.

“அப்படி என்னதான் வேல பாக்குற?” என்றாள் தாய்.

“மூளையில ஒரு செல்லு இன்னொண்ணுக்குச் சேதி சொல்ல கொஞ்சம் ரசாயனத்த விடும்மா. கிளைசின்னு ஒண்ணு. சொன்னதும் கடத்தின்னு ஒரு புரதம் அத உறிஞ்சி எடுத்துக்கும். நாங்க அந்தப் புரதத்த அடைச்சிடுறோம். ரசாயனம் அங்கயே இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்.”

“எத வச்சு அடைக்கிற?”

“நானோபாடி. லாமாங்கிற மிருகத்தோட ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பொருளோட சின்னத் துண்டு.”

“எச்சி துப்புமே, அந்த லாமாவா? அதுக்கா ஒன்ன இவ்ளோ படிக்க வச்சேன்!”

மூவரும் சிரித்தோம். சிரிப்பினூடே என் தங்கை பின்வாசலை நோக்கினாள்.

“அப்ப, போறத போகவிடாம நிறுத்தி வைக்கும்?”

“ஆமா.”

“ஒங்கப்பா பேச்சு பாதியிலயே நின்னு போயிடுது, புள்ள. எனக்கு அதக் குடு. சாப்பிடுறேன்.”

மருமகள் என்னை ஏறிட்டாள். மேசைமேல் கிடந்த மருத்துவரின் மாத்திரைகளையே நானோபாடி என்று சொல்லிக் கொடுத்துவிடலாம், தாய் மறுக்கமாட்டாள்.

“அது இன்னும் மருந்தே ஆகலம்மா,” என்றாள் அவள். “ஆய்வுக்கூடத்தோட சரி. அது பிடிச்சு வைக்கிறது ரசாயனத்த, பேச்ச இல்ல. நாளைக்கு மருந்தானாலும், ஒனக்குக் குடுத்தா, அப்பா குரல நிறுத்தத்தான் குடுப்பாங்க. இந்த மாத்திரையும் அதுக்குத்தான்லா.”

தங்கை எழுந்தாள்.

“இரு. அவர ஒரு வார்த்த கேட்டுடறேன்.”

பின்வாசலையொட்டிய சமையலறையிலிருந்து அவள் பேச்சு மட்டும் எங்களை எட்டியது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும், மறுமொழி ஒன்றுக்கு வேண்டிய அளவு அமைதி. வாழ்நாளெல்லாம் சொல்லாராய்ச்சியில் கழித்த நான் அவ்வமைதிகளைச் செவிகூர்ந்து கேட்டேன். மருமகளும் மூச்சடக்கிக் கேட்டாள்.

தங்கை திரும்பி வந்தபோது கன்னங்கள் நனைந்திருந்தன.

“சரிங்கிறாரு,” என்று கையை நீட்டினாள்.

அவள் மாத்திரையை விழுங்குகையில், மருமகள் பின்வாசலைப் பாராதிருக்கப் பெரிதும் முயன்றாள். நான் பார்த்தேன்.