நரி முகமும் அஞ்சலை முகமும்

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தன் வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நரிப் படத்தை மாட்டியிருக்கிறான். நல்ல வழவழப்பான வண்ணப் படம். "காலைல கதவத் தொறந்ததும் இது மூஞ்சில முழிச்சா போற காரியம் நடக்கும் சார். ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம்ப்பா, நான் நிஜ நரியையே பார்த்தவன் என்றேன். ஏதோ மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்த கதை என்று நினைத்துச் சிரித்தான். அவன் தினமும் வண்டிக்குப் பெட்ரோல் போடும் இடத்தில்தான் அந்த நரி நின்றது என்று சொன்னால் நம்புவானா?

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்கிற எவனும் மல்லாட்டை போட்டவன் இல்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். ஆனால் வேர்க்கடலை என்று சொன்னால் எனக்குக் கடையில் பொட்டலம் கட்டி வைத்த ஏதோ சாமான் மாதிரி இருக்கிறது. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பச்சையாக ஒன்றை உடைத்து வாயில் போட்டால் ஒரு பால் வாசனை வரும் பாருங்கள், அது மல்லாட்டைக்குத்தான் உண்டு. அந்த வாசனை நினைவுக்கு வந்தால் பின்னாலேயே பஞ்சாலையின் எண்ணெய்க் கழிவுப் பஞ்சு வாசனையும் வந்துவிடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் பண்ணி வைத்தவள் என் மனைவி அஞ்சலை.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். அஞ்சலை வில்லியனூருக்கு அப்பால் ஓர் உழவர் வீட்டுப் பெண். எங்கள் கல்யாணத்தன்று அவள் அண்ணன் பந்தலில் வைத்தே ஒரு பேச்சுப் பேசினான். "மில்லுக்காரனக் கட்டிக்கிறவளுக்கு இனிமே மண்ணு எதுக்கு? நூலையா நடப்போறா?" கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன், அந்தக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை. மாலையும் கழுத்துமாக இருந்தவள் நிமிர்ந்து, "என் கையால வெளஞ்ச மல்லாட்டைய ஒரு கூட கொண்டாந்து ஒன் வாசல்ல கொட்டுறேன். அதுவரைக்கும் ஒன் வூட்டுல பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்" என்றாள். எதற்கும் அஞ்சாதவளுக்கு யார் பார்த்து அந்தப் பேரை வைத்தார்களோ. சொன்னபடி ஒரு வருஷம் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் வில்லியனூர்த் தேரடியில் பார்த்துவிட்டு வருவாள், கண் சிவந்திருக்கும்.

நாங்கள் குடியிருந்தது உழவர்கரையில் ஒரு சொல்தாவின் வீட்டுக் கொல்லைப்புறம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களைச் சொல்தா என்போம். சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்கு அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பெண்சாதி தவறிப்போய்த் தனியாக இருந்தார். ஒரே மகன் அதே பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியாவில் சண்டையில் இருந்தான். கொல்லையில் பத்துக் குழி நிலம் சும்மா கிடந்தது. "போட்டுக்கம்மா, ஆனா இந்த மண்ணுல கல்லுதான் வெளையும்" என்றார் முசே. அஞ்சலை கல்லைப் பொறுக்கிக் கரையாகப் போட்டாள். ஆடியில் மல்லாட்டை ஊன்றினாள். பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் நரி வந்தது, ஒருநாள் விடியலில் நானே கண்ணால் பார்த்தேன். அந்தக் காலத்தில் கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடும் முந்திரித் தோப்புமாகக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பி எங்கள் பத்துக் குழியை எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ. வரிசையாகத் தோண்டி, காயைத் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே துப்பிவிட்டுப் போகும், என்ன திமிர்! அஞ்சலை சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டி அடைத்தாள். என் பங்குக்கு மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றுகிற பாபின் கட்டைகளை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிவந்து, கயிற்றில் கோத்து வேலி நெடுகக் கட்டினேன். தொட்டால் கடகடவென்று சத்தம் போடும். எண்ணெய்க் கழிவுப் பஞ்சைக் கிழித்து முள்ளில் செருகினேன், அந்த நாற்றத்துக்கு நரி நெருங்காது என்று. பெரிய இன்ஜினியர் என்று எனக்கு நினைப்பு.

மறுநாள் பார்த்தால் முசே வீட்டுப் பின்கட்டைப் பார்த்த மூலையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. இரண்டு வரிசை செடி காலி. அடைத்தோம். அடுத்த நாளும் அதே மூலை. அஞ்சலை அங்கே குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்யா, நரி முள்ள எடுத்தா ஓரமா அடுக்கி வெக்குமா?"

பார்த்தேன். முள்ளெல்லாம் நுனி ஒரு பக்கம், அடி ஒரு பக்கமாக, பட்டாளத்துப் பெட்டி படுக்கை மாதிரி நேர்த்தியாக அடுக்கியிருந்தது. பாபின் கயிறு அவிழ்த்துச் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் போய் என்னத்தைக் கேட்பது?

அவள் கேட்டாள். மறுநாள் விடிகிற நேரம், நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முசே பழைய பட்டாளத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, சந்துக்கு நேரே நாற்காலி போட்டுக் கையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் போடாதம்மா, வர்ற நேரம்" என்றார்.

"யாரு வர்ற நேரம்?"

அவர் காபியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். மகனிடமிருந்து ஆறு மாதமாகக் கடுதாசி இல்லை. அதற்கு முன்னால் கடைசியாக வந்த கடுதாசி, காலையில் எதேச்சையாக ஒரு நரி முகத்தில் முழித்த அன்றைக்கு வந்ததாம். "ஞாயித்துக்கெழம தவறாம மாதா கோயில் பூசைக்குப் போறவன்தாம்மா நான். இருந்தாலும்…" என்று நிறுத்திக்கொண்டார். போகட்டும் விடு என்று அஞ்சலைக்கு ஜாடை காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"ஒங்க புள்ள நல்லா வரணும் முசே, நானும் மாரியாத்தாள வேண்டிக்கிறேன். அதுக்காக எம்மல்லாட்டைய நரிக்கு வுட முடியாது. எங்கம்மா மடில படுத்து ஒரு வருசமாவுது, தெரியுமா ஒங்களுக்கு?"

"எடம் என்னுதும்மா."

"எடம் ஒங்களுது. வெள்ளாம என்னுது. ஒங்களுக்கு ஒரு மூஞ்சிதான வேணும்? நாளைலேர்ந்து எம்மூஞ்சில முழிங்க. நரிக்கு நான் என்னா கொறச்சல்?"

அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று சாமான் செட்டை மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டேன். ஆனால் முசே அவள் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. மறுநாள் முதல் விடிகிற நேரத்துக்கு அஞ்சலை மஞ்சள் பூசிக் குளித்துப் பெரிய பொட்டு வைத்து அவர் பின்கட்டுக் கதவைத் தட்டுவாள். அவர் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. வேலி அப்படியே இருந்தது, கடுதாசிதான் வரவில்லை.

ஒருநாள் அஞ்சலைக்குக் காய்ச்சல். "நீ போய் நில்லுய்யா" என்று என்னை விரட்டினாள். என் மூஞ்சியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மில்லில் யாருக்காவது இழை அறுந்துகொண்டே இருந்தால், "இன்னிக்கு ஒன் மூஞ்சிலதாண்டா முழிச்சேன்" என்று என்னைத்தான் திட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட மூஞ்சியோடு போய் நின்றேன். முசே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மெர்சி கூட இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கடுதாசி வந்தது! நான் சாயங்காலம் வந்து குதிகுதி என்று குதித்தேன். அஞ்சலை போர்வைக்குள்ளிருந்து, "அது நேத்து எம்மூஞ்சில முழிச்சதுக்கு வந்தது. அம்மாந் தூரத்துலேர்ந்து வர ஒரு நாளாவாதா?" என்றாள். இன்றுவரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை.

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே முசே கொல்லைக்கு வந்தார். மகன் சுகமாக இருக்கிறானாம். பட்டாளத்தை விட்டு விலகி, பிரான்சிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டானாம். இங்கே வருவதாக இல்லையாம். கடுதாசியை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு நேரே அந்த மூலைக்குப் போய், தளர்ந்திருந்த முள்ளைத் தன் கையாலேயே இறுக்கி அடைத்து, கையில் ரத்தம் வர வர, பாபின் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டார். "ஃபினி" என்றார். முடிந்தது என்று அர்த்தம். காய்ச்சலோடு எழுந்து வந்த அஞ்சலை தண்ணீர் மொண்டு அவர் கையைக் கழுவிவிட்டாள்.

கார்த்திகையில் பிடுங்கினோம். நரி தின்றது போக ஒரு கூடைக்கு மேலேயே தேறியது. வண்டி பிடித்துப் போய் அண்ணன் வாசலில் கவிழ்த்துக் கொட்டினாள். அவன் ஒரு காயை எடுத்து உடைத்துப் பார்த்து, "நல்லாத்தான் முத்தியிருக்கு" என்றான். அதற்குள் அவள் அம்மா சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டாள். அஞ்சலை நின்ற வாக்கிலேயே முழுச் சொம்பையும் குடித்தாள்.

முசே போனபின் அந்த மனை கைமாறி, கைமாறிப் பெட்ரோல் பங்க் ஆயிற்று. கோரிமேட்டு முந்திரி போயிற்று, ஆலைச் சங்கு ஊதி வெகுகாலம் ஆகிறது, நரி எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியாது. பாவம் நரி என்று இப்போது சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன்.

நேற்று அஞ்சலையைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப் போனேன். நரிப் படத்துக்கு எதிரே நின்றுவிட்டாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது அப்பவே கெடச்சிருந்தா முசே வூட்டுல ஒண்ணு மாட்டி வுட்டிருப்பேன்" என்றாள். "என் வேலியும் தப்பிச்சிருக்கும், பாவம், அந்த மனுசன் கையும் கிழிஞ்சிருக்காது."