நாயின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டு நாயின் மரபணு என் உடம்பில் ஏறிவிட்டது என்று நான் நம்பினேன். ஐம்பது தாண்டிய ஆள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்புக்குக் கீழே ஏதாவது முளைக்கிறதா என்று தினமும் தடவிப் பார்த்தேன்.

முதலில் காய்ச்சல் வந்தது நாய்க்குத்தான். உண்ணி கடித்து ரத்தத்தில் பாக்டீரியா புகுந்திருக்கிறது என்று திருப்போரூர் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துவிட்டு ஊசி போட்டார். அது எழுந்து ஓடத் தொடங்கிய வாரமே நான் படுத்துவிட்டேன். கொதிக்கும் காய்ச்சல், மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள். செங்கல்பட்டு மருத்துவர் புள்ளிகளைப் பார்த்ததும், “உண்ணிக் காய்ச்சல் மாதிரி தெரியுது” என்று ரத்தம் எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி, அந்த ரத்தத்தில் கொஞ்சம் கேட்டார். மனிதன், நாய், ஆடு, உண்ணி எல்லாவற்றிலும் இருக்கும் கிருமிகளின் மரபணுவை ஒப்பிடுகிறார்களாம். என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள்: மனிதன், நாய், மரபணு. மிச்சத்தைப் பேருந்தில் நானே கோத்துக்கொண்டேன்.

கண்ணாடி முன்னால் மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

“இன்னாயா பண்ணிகினு கீற?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

“அது வான்னா வரும், போன்னா போவும். நீ என்னிக்கி நான் சொன்னத கேட்டுகீற? நீயாவது, நாயாவறதாவது!”

நான் அசரவில்லை. கோவளத்தில் மீன் வண்டி ஓட்டும் மச்சானைக் கூப்பிட்டு, நாயை ஏற்றிவிட்டேன். “மாமா, அங்க மீனா துன்னு கொழுத்துடும். அப்பால உன்ன மதிக்காது, பாத்துக்கோ” என்றான் அவன். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அது என்னைப் பார்த்துக்கொண்டே போனது. “அது வூட்டுக்கு வர்ற வரிக்கும் எங்கிட்ட பேசாத” என்று மனைவி சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். ஐந்து நாள் மாத்திரையில் காய்ச்சல் போனது. அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் மாணவி வீட்டுக்கே வந்தார். நாயின் ரத்தம் கால்நடை மருத்துவரிடமே கிடைத்துவிட்டதாம்.

“பகல்ல எங்க சார் இருப்பீங்க?”

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை. கல் பிள்ளையார்களின் துதிக்கை உடையாமல் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. சாப்பிட்டதும் அந்த வைக்கோலிலேயே ஒரு தூக்கம். டீக்கடைக்கார அம்மாவின் ஆடுகளும் அங்கேதான் தூங்கும். அவற்றின் காதில் உண்ணி பொறுக்குவது என் பொழுதுபோக்கு.

“எப்படி எடுப்பீங்க?”

பெருமையாக நடித்துக் காட்டினேன். பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து, டப்.

அவர் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். கல்லும் கயிறும் கிழித்த நகக்கண்கள். “வெறுங்கையாலயா சார்?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பட்டறைக்குப் போய், ஆட்டு உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. மனைவி தோசைக்கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். நான் முதலில் கேட்டது வாலைப் பற்றித்தான். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“சார், கிருமியோட மரபணு கிருமிக்குள்ள இருக்கும். அது எந்த வகை, எங்கேருந்து வந்ததுன்னு அத வச்சித்தான் கண்டுபிடிப்போம். உங்களுக்கு நாய் ஆக வழியே இல்ல.”

நாயின் ரத்தத்தில் இருந்தது ஒரு கிருமி. என் ரத்தத்தில் இருந்தது முற்றிலும் வேறு கிருமி. பட்டறை ஆட்டு உண்ணிகளில் இருந்த வகையோடு அது அப்படியே பொருந்தியது. நான் நசுக்கிய உண்ணியிலிருந்து நகக்கண் காயம் வழியாக ஏறியிருக்கலாம் என்றார். மறுநாள் கோவளம் போய் நாயைக் கூட்டிவந்தேன்.