பதினாறாவது பாயிண்ட்

1. விரலைப் பாக்கெட்டில் வைப்பது

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுற்றுலாத் தகவல் கவுண்டரில் நான் பொறுப்பேற்ற முதல் நாள், எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் மூன்றை ஒப்படைத்தார். ஒரு சாவி, ஒரு புகார்ப் பதிவேடு, ஒரு வாக்கியம். வாக்கியம் இது: "தகவல் சொல்லலாம், பரிந்துரை செய்யக் கூடாது."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்ட நீட்டுனா தகவல். லிஸ்ட்டுல விரல வச்சா பரிந்துரை. விரலப் பாக்கெட்டுலயே வச்சுக்கங்க, ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு மெமோ வராது."

நான் விதிகளைப் படிக்கிறவன். அவர் சொன்னதோடு நிற்காமல் கோப்பை எடுத்து மூலச் சுற்றறிக்கையையே படித்தேன். டிராவல்ஸ்காரர்களின் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருக்க வேண்டும் என்றும், எந்த ஒருவரையும் அலுவலர் பரிந்துரைக்கலாகாது என்றும் அதில் இருந்தது. பாரபட்சத்தைத் தடுக்கும் ஏற்பாடு. தடுத்தது. ஊரில் பாதிப் பேர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதுவரை ஆனந்தம் என்று ஓடிய வேன் ஒரு திங்கட்கிழமை 'ஏ ஆனந்தம்' ஆனது. எதிர்க்கடைக்காரர் இரண்டு ஏ போட்டார். ஆனந்தம் மூன்று போட்டது. நான் சேர்ந்தபோது ஆனந்தம் நான்கு ஏ-யில் வந்து நின்றிருந்தது. அதன் முதலாளி தனுஷ்கோடியை ஊரே நாலு ஏ தனுஷ்கோடி என்றுதான் அழைத்தது. பட்டியலில் முதல் வரி எப்போதும் அவருடையது.

கொடைக்கானலில் சுற்றுலா பாயிண்ட் கணக்கில் விற்கப்படும். பன்னிரண்டு பாயிண்ட், பதினான்கு பாயிண்ட், தனுஷ்கோடியிடம் பதினெட்டு. வெளியூர்க்காரருக்கு இது புரியாது என்பதால் விளக்குகிறேன். ஏரியை மேலிருந்து பார்த்தால் ஒரு பாயிண்ட். கீழே இறங்கி வந்து அதே ஏரியைப் பார்த்தால் இன்னொரு பாயிண்ட். அதை வேனில் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்றாவது. கோல்ஃப் மைதானத்தின் கம்பி வேலியும் ஒரு பாயிண்ட். பைன் காட்டில் இறங்குவதற்கு நேரம் உண்டு, ஏனென்றால் அங்கே டீக்கடை உண்டு, டீக்கடையில் டிரைவருக்கு டீ உண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் அந்தக் கவுண்டரில் பட்டியலை நீட்டினேன்.

2. சபாபதி சாரின் ஷீட்

2006-இல் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிற செடி பூக்கும்போது கூட்டம் எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு பாயிண்டில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'குறிஞ்சி' என்று எழுதினார் தனுஷ்கோடி. எண்ணிக்கை மாறவில்லை. மற்றவர்களும் எழுதினார்கள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருச்சியிலிருந்து இருபத்திரண்டு பேர் கொண்ட ஒரு குழு வந்திறங்கியது. எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் சபாபதி, தணிக்கை அதிகாரியாக இருந்தவர். அவர் கையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட ஒரு முழுத்தாள். பக்கத்தில் அவர் மனைவி விசாலாட்சி, கைத்தடியுடன்.

சனிக்கிழமை ஒரு நாள்தான் சுற்றுலாவுக்கு. ஞாயிறு மூன்று மணிக்கு அவர்கள் பஸ் கிளம்புகிறது. மூன்று சுற்றுலாக்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் சபாபதி. முதலாவது நாலு ஏ. இரண்டாவது ஒரு 'கலாச்சாரச் சுற்றுலா': ஒன்பது பாயிண்ட், சாயங்காலம் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் தீ மூட்டி மலைவாழ் மக்கள் நடனம். அந்த மலைவாழ் மக்கள் பகலில் அதே ஹோட்டலில் ரூமுக்கு வெந்நீர் கொண்டுபோகிறவர்கள். சொந்த ஊர் மலையடிவாரத்து வத்தலக்குண்டு. தலையில் இறகு செருகியதும் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும், அதை விருந்தினர்கள் மலைவாசிகளின் வெள்ளந்திச் சிரிப்பு என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, பட்டியலின் கடைசி வரியில் இருந்த வெள்ளைச்சாமி. பூம்பாறையில் பூண்டு போடுகிற குடும்பம், ஒரு பழைய வேன். பெயரை மாற்றிக்கொள்ளத் தோன்றாத மனிதர். அவருடைய சுற்றுலாவில் மொத்தமே மூன்று பாயிண்ட். பூம்பாறைக் கோயில், பூண்டு வயல், அதற்கு அப்பால் குறிஞ்சிச் சரிவு. நாள் முழுக்க அவ்வளவுதான்.

"பதினெட்டு, ஒன்பது, மூணு," என்று சபாபதி கட்டத்தைக் காட்டினார். "நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குறிஞ்சி மூணுலயும் இருக்கு. அப்புறம் என்ன சார் யோசனை? குரூப்புலயும் கேட்டுட்டேன். பத்தொன்பது பேரு பதினெட்டு பாயிண்டுக்குக் கை தூக்கிட்டாங்க."

"நான் தூக்கல," என்றார் விசாலாட்சி. பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இருந்தேன். குறிஞ்சி, முல்லைன்னு போர்டுல எழுதிப்போட்டுச் சொல்லிக்குடுத்தேன். ஒரு பய எந்திரிச்சு, டீச்சர் நீங்க அந்தப் பூவப் பாத்திருக்கீங்களான்னு கேட்டான். உக்காருடான்னுட்டேன். எனக்கு இப்ப அறுபத்தாறு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு அடுத்த பூவுக்கு மலை ஏற மாட்டேன். அதனால கேக்குறேன். எதுல போனா பூவ நல்லாப் பாக்கலாம்?"

கேள்வி நேரானது. பதிலும் எனக்குத் தெரியும். தனுஷ்கோடியின் வேன் குறிஞ்சி இருக்கும் பக்கம் போவதே இல்லை. ஊர் எல்லையில் ஒரு வளைவில் கண்டக்டர் பையன் எதிர் மலையைக் கை காட்டுவான், அவ்வளவுதான். வெள்ளைச்சாமி வேனை நிறுத்துவார், இன்ஜினை அணைப்பார், பீடி பற்றவைத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும்.

நான் சொன்னேன்: "மூணு லிஸ்ட்டுலயும் குறிஞ்சி இருக்கும்மா."

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் பணிக்காலத்தில் நான் சொன்ன மிகச் சரியான பதில்களில் அது ஒன்று. அதைவிடக் கெட்ட பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

3. டிக்

ஞாயிறு காலை கவுண்டரைத் திறக்கும்போதே விசாலாட்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தனியாக.

"போயிட்டு வந்தீங்களாம்மா?"

"வந்தோம். பதினாறாவது பாயிண்ட். பையன் மைக்ல, அந்தா தெரியுது பாருங்க நீலமா, குறிஞ்சின்னான். நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். எக்கிப் பாக்குறதுக்குள்ள, இந்தா பதினேழு வந்துருச்சு, கோல்ஃப் கிரவுண்டுன்னுட்டான்." கைத்தடியை மேஜையில் சாத்தினார். "எங்க வீட்டுக்காரரு டிக் போட்டுட்டாரு. நான் பாக்கல."

நான் மேஜையில் கிடந்த பட்டியல்களை அடுக்கினேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"பரிந்துரை செய்யக் கூடாதுன்னு விதி இருக்கு."

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் செய்யுளைத் தப்பாக ஒப்பித்த பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் பரிந்துரையா கேட்டேன்? பூவத்தான கேட்டேன்."

இந்த இடத்தில் நான் மனம் திருந்தியதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. எனக்கு அவமானமாக இருந்தது, அவமானம் வரும்போதெல்லாம் நான் விதிப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறவன், அன்றும் போனேன். போன இடத்தில் ஒரு பக்கம் திறந்துகொண்டது. ஹோட்டல்களில் வெந்நீர் வரவில்லை என்ற புகார்களுக்காக எப்போதோ எழுதப்பட்ட விதி: விளம்பரப்படுத்தப்பட்ட வசதி அளிக்கப்படவில்லை என்று எழுத்துமூலம் புகார் வந்தால், அலுவலர் புகார்தாரரையும் எதிர்த்தரப்பையும் உடன் அழைத்துச் சென்று அந்த வசதி இருக்கிறதா என்று நேரில் சரிபார்க்க வேண்டும். அலுவலக ஜீப்பைப் பயன்படுத்தலாம். வெந்நீர் என்ற சொல் விதியில் இல்லை. 'வசதி' என்றுதான் இருந்தது.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "எழுதுங்க. குறிஞ்சி காட்டப்படும் என்று அறிவித்துவிட்டு, காட்டப்படவில்லை."

அதற்குள் மனைவியைத் தேடிக்கொண்டு சபாபதி வந்துவிட்டார். எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பாத்தாச்சுன்னு என் ஷீட்ல இருக்கே."

"உங்க ஷீட்டு பாத்திருக்கும்," என்றார் விசாலாட்சி, தலை நிமிராமல்.

4. எதிர்த்தரப்பும் ஜீப்பில் ஏறியது

விதிப்படி தனுஷ்கோடிக்கு ஆள் அனுப்பினேன். ஓடி வந்தார்.

"ஏன் சார், சும்மா கெடந்த பொஸ்தகத்த எடுத்து இன்னைக்குப் போயி... ஞாயித்துக்கெழம, சீசன், எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு!"

"வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கப்படும். பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரமும் உண்டு," என்றேன். அந்த அதிகாரம் எனக்கு இல்லை, மேலிடத்துக்குத்தான். யாருக்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. தகவலைப் பட்டியலாக மட்டும் நீட்டும் பழக்கம் சில சமயம் உதவும்.

பத்தரைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் விசாலாட்சி. பின்னால் நான், சபாபதி, நாலு ஏ.

"வெரசாப் போவோம்யா," என்றார் ஜீப் டிரைவர். "பன்னெண்டுக்கு மேல மஞ்சு எறங்குனா பக்கத்துல இருக்குற ஆளே தெரியாது, பூ எங்கிட்டுத் தெரிய?"

"ஒண்ணும் தெரியலன்னா ரிப்போர்ட்டு என்னன்னு எழுதுவீங்க?" என்று ஆவலோடு கேட்டார் தனுஷ்கோடி.

"வசதி இல்லை என்று எழுதுவேன்."

அதன்பிறகு வழி நெடுக அவர்தான் ஜன்னலில் தலையை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சு இறங்கக் கூடாது என்று அந்த ஜீப்பில் அதிகம் வேண்டிக்கொண்டது யார் என்று கேட்டால், அவரைத்தான் சொல்வேன்.

பூம்பாறை தாண்டி இரண்டு வளைவு. ஏற்கெனவே பள்ளத்திலிருந்து மூடுபனி வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சாலையோரத்திலிருந்து மலை முகடுவரை நீலம். வர்ணிப்பது என் வேலை இல்லை. அலுவலக ரிப்போர்ட்டில் 'பூக்கள் உள்ளன' என்று எழுதினேன், அதையே இங்கும் எழுதுகிறேன்.

விசாலாட்சி கைப்பையை என்னிடம் கொடுத்தார். கைத்தடியைக் கணவரிடம் கொடுத்தார். அவர் பிடித்துக்கொள்ள நீட்டிய கையைக் கவனிக்காமல் நாலு எட்டு மேலே ஏறி, இடுப்புயரச் செடிகளின் நடுவில் நின்றார். ஒரு கொத்தை வளைத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசனையே இல்லையே!"

"இருக்காதும்மா, தேனீக்குத்தான் தெரியும்," என்றார் டிரைவர்.

"முப்பது வருஷம் மணம் வீசும்னு சொல்லிக்குடுத்துட்டேனே," என்று சொல்லிவிட்டு விசாலாட்சி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "எத்தன பிள்ளைங்க பரீட்சையில எழுதியிருக்கும்! நானே மார்க்கும் போட்டிருக்கேன்!"

தனுஷ்கோடி இடுப்பில் கைவைத்துச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டா பூத்திருக்கு?" என்றார். "சத்தியமாச் சொல்றேன் சார், நானே எறங்கிப் பாத்ததில்ல." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். "ஆனா பூ இருக்குல்ல? நாங்க பொய் சொல்லல, எழுதிக்கங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

சபாபதி தன் ஷீட்டை எடுத்தார். ஜீப் பானட்டில் விரித்து, பதினாறாவது வரியில் முந்தைய நாள் போட்ட டிக்கை ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் புது டிக் போட்டார். திருத்தத்துக்குக் கீழே தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்தார். முறைப்படி செய்த திருத்தம். பிறகு பேனாவை மூடிவிட்டு மேலே ஏறி மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று அவர் குறிக்கவில்லை. மஞ்சு வந்து மூடியபோது இறங்கினார்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

5. நடவடிக்கை

அலுவலக ஜீப்பை ஏன் பூம்பாறைக்கு அப்பால் கொண்டுபோனேன் என்று கேட்டு எனக்கு மெமோ வந்தது. என் முதல் மெமோ. வசதியைச் சரிபார்க்கச் சென்றதாக விதி எண்ணோடு பதில் எழுதினேன். மேலிடம் விதியைத் தேடிப் படித்து, அது உண்மையிலேயே இருப்பது கண்டு அதிர்ந்து, கோப்பை மூடியது. பிறகு புகாரின் மீது நடவடிக்கையாக ஒரு சுற்றறிக்கை போட்டது: குறிஞ்சியைக் காட்டும் அனைத்துச் சுற்றுலா வாகனங்களும் அவ்விடத்தில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தப்பட வேண்டும். சுற்றறிக்கை என் மேஜைக்கு வந்தபோது டிசம்பர். சரிவு முழுக்கக் காய்ந்த குச்சி. தனுஷ்கோடி கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, "கண்டிப்பாக் கடைப்பிடிக்கிறேன் சார்," என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதை மீற வழியே இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஹோட்டல் டிராவல் டெஸ்க்கில் உட்காருகிறவர்களுக்கு, நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூன்று சுற்றுலாவில் எது நல்லது என்று ஒருவர் கேட்டால், எத்தனை பாயிண்ட் என்று பார்க்காதீர்கள். டிரைவர் எங்கெங்கே இன்ஜினை அணைப்பார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அணைக்காத இடத்துக்கு யாரும் போனதாகக் கணக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு, அது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அந்த ஞாயிறு இரவு, முதல் நாள் படித்த மூலச் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். பரிந்துரை செய்யலாகாது என்றுதான் இருந்தது. ஒரு வேன் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று தெரிந்ததைச் சொல்லக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. விதிகள் அத்தனையும் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு விதியை ஒன்பது ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறேன். விசாலாட்சி அம்மாள் திரும்பி வந்து கவுண்டரில் நின்றார், அவருக்கு ஒரு ஜீப் கிடைத்தது. அதற்கு முன் கேட்டவர்கள் எல்லாரும் பட்டியலை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.