வாரிசு மொட்டை

முடிவெட்டும் கடைக்கு நான் இப்போதெல்லாம் ஒரு மரியாதைக்காகத்தான் போகிறேன். கடைக்காரத் தம்பி நாற்காலியைத் துடைத்து உட்கார வைப்பார், துணியைப் போர்த்துவார், கத்தரியை என் தலைக்கு மேலே காற்றில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்பார். நாற்பதைத் தாண்டியதும் தலை தானாகவே இப்படி ஒதுங்கிக்கொண்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒன்பது வயதில் ஒரு குடும்பத்தின் வழக்கு மொத்தத்தையும் சுமந்த தலை இது. அசதி இருக்கும்தானே.

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். பெரியப்பா, அப்பா, அதற்கடுத்துக் கடைசி ஆள் அவர். எல்லையில் பனி மூடிய ஏதோ ஒரு காவல் முனையில் குண்டு பட்டு இறந்து, கொடி போர்த்திய பெட்டியில் குத்துக்கல்வலசைக்கு வந்து சேர்ந்தார். அவர் சம்பளத்தில் கட்டிய வீட்டு முன்னால்தான் பெட்டியை இறக்கினார்கள். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில்தான் இருந்தோம். வீடு அவர் காசு, மனை மட்டும் பெரியப்பா பேரில். "அடுத்த லீவுல மாத்தி எழுதிக்கிடுவோம்ணே" என்று ஒவ்வொரு லீவிலும் சித்தப்பா சொல்லிவிட்டுப் போவாராம். அண்ணன் தம்பிக்குள் என்ன அவசரம்.

பெரியப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் தெரிந்தவர் என்று தெருவில் பெயர். அவர் ஒரு சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் 'சட்டம்' என்று அவர் சொல்லும்போது மீசை இரண்டு பக்கமும் சற்று மேலேறும். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சித்தப்பாவுக்கு ஒரே மகள், எனக்குத் தங்கச்சி, ஐந்து வயது. பெண்பிள்ளை கொள்ளி வைக்கும் வழக்கம் எங்களில் இல்லை. தம்பிக்கு அண்ணன்மார் வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். பெரியப்பாவுக்கோ எல்லாம் பெண்மக்கள். மகன் முறைக்கு மிஞ்சியவன் நான் ஒருவன்தான். அம்மா மட்டும் மல்லுக்கு நின்றாள்.

"அப்பன் குத்துக்கல்லு மாதிரி உசுரோட இருக்கப்பட்ட பிள்ளைக்கு மொட்டையா? அடுக்குமா அத்தான் இது?"

"நீ சும்மா இரும்மா. கொள்ளி வச்சவனுக்குத்தான் உரிமை. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நமக்கு ஒரு பிடி வேணும்லா?" என்றார் பெரியப்பா.

எனக்கு அது பள்ளி ஆண்டுவிழாவில் மேடைக்குக் கூப்பிடுவது போல இருந்தது. மொட்டை அடித்தவர், "மீசையையும் எடுக்கது வழக்கம் மாப்ள. ஒமக்கு முளைக்கல, தப்பிச்சீரு" என்றார். நானும் அந்த வேளையில் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று மட்டும் சித்தியும் மயானத்துக்கு வரலாம் என்று ராணுவத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டியின் மேலிருந்த கொடியை மடித்து ஒரு அதிகாரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பெரியப்பா முன்னால் போய்க் கைகளை நீட்டினார். அதிகாரி அவரைத் தாண்டிப் போய்ச் சித்தியிடம் கொடுத்தார். நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியப்பா அவற்றைச் சேர்த்து ஒரு வணக்கமாக ஆக்கிக்கொண்டார். சித்தி கொடியை மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நான் கொள்ளி வைத்தேன்.

"திரும்பிப் பாக்காம நடலே. பாத்தா அவன் பின்னாலேயே வந்துருவான்" என்று பெரியப்பா காதருகில் சொன்னார். சித்தப்பா வந்தால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கழுத்தை விறைத்துக்கொண்டு, திரும்பாமல் வீடுவரை நடந்தேன். கொள்ளி வைத்தவனுக்கு மட்டும் உள்ள விதி அது. வேறு யாருக்கும் கிடையாது என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பதினாறு கழிந்ததும் சித்தியின் அண்ணன் வந்து அவளையும் தங்கச்சியையும் சிவகிரிக்குக் கூட்டிப் போனார். அதோடு தொடங்கியது. ராணுவத்திலிருந்து வரவேண்டிய பணமும் பென்ஷனும் சித்திக்குப் போகவேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பெரியப்பா தாலுகா ஆபீசில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வயசுப் பிள்ளை. நாளைக்கு இன்னொருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா, எந்தம்பி ரத்தத்துக்கு வந்த காசு எவன் வீட்டுக்கோ போவும்லா?" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். மனை தன் பேரில் இருப்பதால் வீட்டுப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

விசாரணைக்கு என்னையும் தென்காசிக்குக் கூட்டிப் போனார். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "ஏலே, தலையக் காட்டுலே" என்றார். நான் குனிந்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன இது?"

"கொள்ளி வச்ச பிள்ளை சார். இவன்தான் வாரிசு. சாட்சி கண்ணு முன்னால நிக்கி."

"மொட்டை போட்டா வாரிசுன்னா, திருச்செந்தூர்ல நிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நான் சொத்து எழுதிக் குடுக்கணுமேய்யா. பெண்டாட்டி இருக்கு, மகள் இருக்கு. ஆனா ஆட்சேபணை வந்திருக்கதால விசாரிக்கணும். அடுத்த தேதிக்கு வாங்க, பாப்போம்."

பெரியப்பா தளரவில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் முந்தின நாள் எனக்கு மொட்டை விழுந்தது. "முடி வளந்துட்டா சாட்சி செத்துப்போவும்லே" என்பார். பின்னாளில் வளராமல் போன முடி அந்த வருடம் மட்டும் மும்முரமாக வளர்ந்தது. பள்ளியில் என்னைப் 'பழனி' என்று கூப்பிட்டார்கள். உண்மையான பழனி ஒருவன் வகுப்பில் இருந்ததால் அவனைப் 'பெரிய பழனி' என்றார்கள். கத்தி பட்ட இடங்கள் காய்வதற்குள் மறுபடி கத்தி பட்டது. அம்மா தேங்காயெண்ணெயைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். அப்பா அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே மாட்டார்.

ஆட்சேபணை நின்றவரை பணமும் நின்றது. சிவகிரியில் சித்தி அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள், அண்ணன் பெண்டாட்டி தட்டை வைக்கிற சத்தத்திலேயே சாப்பாடு இறங்காமல் போய்விடுகிறது என்று அம்மாவிடம் யாரோ சொன்னார்கள்.

ஆடி அமாவாசை வந்தது. சித்தப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடக் குற்றாலம் போனோம். முந்தின நாள் எனக்கு வழக்கம்போல மொட்டை விழுந்திருந்தது. சாரல் ஊசி ஊசியாகத் தலையில் இறங்கியது. காயங்கள் எரிந்தன. அருவிக்கரையில் சித்தியும் தங்கச்சியும் எங்களுக்கு முன்னாலேயே வந்து நனைந்துகொண்டு நின்றார்கள். தங்கச்சி என் தலையையே பார்த்தாள்.

"அண்ணே, வலிக்கா?"

"வலிக்காது" என்றேன். பொறுப்பில் இருப்பவன் வேறென்ன சொல்வது.

ஐயர் என் கையில் எள்ளை வைத்தார். அப்போது சித்தி, "அத்தான், இவளும் கூட ஒரு கை ஊத்தட்டும். அப்பா அப்பான்னு ராத்திரியெல்லாம் கேக்கா" என்றாள்.

"அதெப்படி? உரிமை ஒருத்தனுக்குத்தான். நாளைக்கு ஆபீசுல அவ கையும் பட்டுச்சேம்பாங்க." மீசை மேலேறியது.

சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் தலையை ஒற்றினாள். துணியில் சிவப்பாக ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வீடு எனக்கு வேண்டாம் அத்தான். நீங்களே வச்சுக்கிடுங்க, எங்க வேணாலும் எழுதித் தாரேன். அந்த ஆட்சேபணையத் திருப்பி வாங்கிருங்க. இவ தன் அப்பாக்கு ஒரு வாய்த் தண்ணி ஊத்தட்டும். இந்தப் பிள்ளை தலையில இனி கத்தி படக்கூடாது."

பெரியப்பா, "சட்டப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தார்.

"போதும்ணே" என்றார் அப்பா. இத்தனை மாதத்தில் அவர் சொன்ன ஒரே சொல் அதுதான். வீடு உனக்குத்தான் என்று சித்தியிடம் சொல்ல அவரும் வாயெடுக்கவில்லை.

பெரியப்பா ஐயரைப் பார்த்துத் தலையசைத்தார். தங்கச்சியின் சின்னக் கையை என் கைக்கு மேல் வைத்து ஐயர் தண்ணீர் விட்டார். எனக்குக் கோபம் வந்தது. மொட்டை அடித்தவன் நான், எரிச்சலைத் தாங்கியவன் நான், கடைசியில் வந்து கையை வைத்தவளுக்குப் பாதி. என் பெரிய விரலால் அவள் விரலை ஓரமாகத் தள்ளினேன். அவள் அது புரியாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எப்பண்ணே குடிப்பாரு?"

"நாம போனப்புறம்" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். நாங்கள் குத்துக்கல்வலசையில் இறங்கினோம். அவர்கள் சிவகிரிக்குப் போக வேண்டும். நிறுத்தத்துக்கு எதிரேயே வீடு. சித்தப்பா ஒரு லீவு முழுக்க நின்று பூசிய பச்சை நிறம் மழையில் பளிச்சென்று தெரிந்தது. சன்னலோரத்தில் இருந்த தங்கச்சி, "எம்மா, நம்ம வீடு" என்று கையைக் காட்டினாள். சித்தி கழுத்தை விறைத்துக்கொண்டு நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் திருப்பத்தில் மறையும் வரை அவள் தலை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கொள்ளி வைத்தவன் நான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதி எனக்கு மட்டும்தானே, சித்திக்கு எதற்கு என்று, முடி வளரத் தொடங்கியிருந்த தலையைத் தடவிக்கொண்டு வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.